ரஸ்புதின் இல்லாவிட்டால் ஜார் பிழைத்திருப்பாரா?

1915 செப்டம்பர். முதல் உலகப் போர் தொடங்கி ஓராண்டு தாண்டிவிட்டது. ரஷ்யப் படை போலந்தைப் பறிகொடுத்துவிட்டுப் பின்வாங்கிக்கொண்டிருக்கிறது. ஜார் இரண்டாம் நிக்கோலஸ் தலைநகரில் இல்லை. மொகிலெவ் என்ற ஊரில், படைத் தலைமையகத்தில் இருக்கிறார். மந்திரிகள் அவரைப் பார்க்க ரயிலேறி வரப்போகிறார்கள். அதை ஒட்டி அவர் மனைவி, பேரரசி அலெக்சாந்திரா, ஒரு கடிதம் எழுதுகிறார். மந்திரிகளோடு உட்காருவதற்கு முன்னால் 'அவருடைய' சீப்பால் பல தடவை தலை வாரிக்கொள்ள மறக்கக் கூடாது என்று அதில் ஒரு வரி.

'அவர்' என்றால் கிரிகோரி ரஸ்புதின். சைபீரியக் கிராமத்து விவசாயி. எழுதப் படிக்கத் தட்டுத்தடுமாறித் தெரிந்தவர். அவர் தந்த சீப்பு கையில் இருந்தால் கணவருக்கு உறுதி வரும் என்பது மனைவியின் நம்பிக்கை. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில், 304 வருடம் ஆண்ட ரொமானோவ் வம்சமே இல்லாமல் போனது.

இதை மட்டும் படித்தால் யாருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: ஒரு போலிச் சாமியார் அரண்மனைக்குள் புகுந்து ஆட்சியைக் கவிழ்த்துவிட்டான். எனக்கும் ரொம்ப நாள் அப்படித்தான் மனதில் பதிந்திருந்தது. விஷம் வைத்தும் சாகாதவர், சுட்டும் சாகாதவர், ராணியை மயக்கியவர் என்று ரஸ்புதினைப் பற்றிக் கேட்டதெல்லாம் ஒரே மசாலா. ஆனால் அந்தக் காலத்து நடப்புகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால், அந்த வீட்டுக்கு ரஸ்புதின் வருவதற்கு முன்பே கரையான் வந்துவிட்டது தெரியும். அவரைப் போன்றவர்கள் உள்ளே நுழைய எது வழிவிட்டது என்பதுதான் இங்கே விஷயம்.

(தேதிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அன்றைய ரஷ்யா பழைய ஜூலியன் நாள்காட்டியில் இருந்தது. நம் நாள்காட்டியைவிட 13 நாள் பின்தங்கியது. 20ஆம் நூற்றாண்டுத் தேதிகளை அங்கே அன்று வழங்கியபடியே தருகிறேன்.)

எல்லாம் ஒரே ஆளிடம்

ரஷ்ய முடியாட்சிக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'சமதெர்ஷாவியே'. யார் துணையும் இல்லாமல் தானே பிடித்து ஆள்வது என்று பொருள் கொள்ளலாம். நம் மொழியில் எதேச்சதிகாரம். இங்கிலாந்திலும் அதே காலத்தில் ராஜா இருந்தார், ஆனால் அங்கே பார்லிமெண்ட் ஆண்டது. ரஷ்யாவில் 1905 வரைக்கும் அப்படி ஒன்று கிடையாது. மந்திரிகள் உண்டு, ஆனால் அவர்கள் சேர்ந்து இயங்கும் ஒரு மந்திரிசபையாக இல்லை. ஒவ்வொருவரும் தனித்தனியே ஜாரைப் பார்த்துத் தம் துறை விஷயத்தைச் சொல்லி உத்தரவு வாங்கிக்கொண்டு போவார்கள். ஒருவர் வாங்கிய உத்தரவை அடுத்த நாள் இன்னொருவர் வந்து மாற்றிவிடலாம்.

1897இல் ரஷ்யாவில் முதன்முறையாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. சுமார் 12.5 கோடி பேர். படிவத்தில் 'தொழில்' என்ற இடத்தில் நிக்கோலஸ் எழுதியது: 'ரஷ்ய நிலத்தின் உடைமைக்காரர்.' அவர் வேடிக்கைக்காக எழுதவில்லை. கடவுள் தன்னிடம் ஒப்படைத்த சொத்து இது, அப்பா எப்படிக் கொடுத்தாரோ அப்படியே மகனிடம் கொடுக்க வேண்டும் என்று உண்மையாகவே நம்பியவர். 1895இல், பட்டத்துக்கு வந்த புதிதில், உள்ளாட்சி மன்றங்களின் பிரதிநிதிகள் ஆட்சி விவகாரத்தில் தங்கள் குரலும் கேட்கப்பட வேண்டும் என்று மிகப் பணிவாகத் தெரிவித்தார்கள். அதெல்லாம் 'அர்த்தமற்ற கனவுகள்' என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஆள் கொடுமைக்காரர் இல்லை என்பதுதான் சங்கடம். நல்ல கணவர், நல்ல அப்பா, பழகுவதற்கு இனிமையானவர். முகத்துக்கு நேரே யாரிடமும் 'முடியாது' சொல்ல மாட்டார். மந்திரி சந்தோஷமாகப் பேசிவிட்டு வீட்டுக்குப் போவார். பின்னாலேயே பதவிநீக்கக் கடிதம் வந்து சேரும். 1896இல் முடிசூட்டு விழாவுக்காக மாஸ்கோவில் கொதின்கா மைதானத்தில் இலவசமாகக் குவளையும் தின்பண்டமும் தருகிறார்கள் என்று கூடிய கூட்டம் நெரிசலில் சிக்கியது. அரசுக் கணக்குப்படி 1,389 பேர் செத்தார்கள். அன்று ராத்திரி பிரெஞ்சுத் தூதர் ஏற்பாடு செய்திருந்த நடன விருந்துக்கு ஜார் போனார். போக அவருக்கு விருப்பமில்லை என்கிறார்கள். சித்தப்பாமார் சொன்னதைத் தட்ட முடியவில்லை. ஆனால் ஜனங்களுக்குத் தெரிந்தது அவர் போனது மட்டும்தான்.

எல்லா அதிகாரமும் ஒரே ஆளிடம் இருக்கும்போது அவருடைய காதுதான் நாட்டிலேயே விலை உயர்ந்த இடம். ஓட்டு வாங்க வேண்டாம், பரீட்சை எழுத வேண்டாம். அந்தக் காதுக்குப் பக்கத்தில் எப்படியாவது போய்ச் சேர்ந்தால் போதும். ரஸ்புதினுக்கு முன்பே பிரான்சின் லியோன் நகரத்திலிருந்து பிலிப் என்ற ஒரு 'அற்புத வைத்தியர்' வந்து இந்தக் குடும்பத்தின் நம்பிக்கையைப் பெற்றிருந்தார். வரிசையாகப் பெண் பிள்ளைகள் பிறந்திருந்த நேரம். ஆண் வாரிசு வேண்டும் என்ற தவிப்பு. நாற்காலி காலியாகவே இருந்தது, யார் உட்காருவது என்பதுதான் பாக்கி.

பாதிரியாரும் உளவாளியும்

ரஸ்புதினுக்கு வருவதற்கு முன் இன்னும் இரண்டு பேரைப் பார்த்துவிட வேண்டும். நம் பக்கம் இவர்களை யாரும் அதிகம் பேசுவதில்லை.

முதலாமவர் கியோர்கி கபோன், ஒரு பாதிரியார். தொழிலாளர்கள் புரட்சிக்காரர்கள் பக்கம் போய்விடாமல் இருக்க, போலீஸின் அனுமதியோடும் ஆதரவோடும் தலைநகரில் ஒரு தொழிலாளர் சங்கம் நடத்தினார். 1905 ஜனவரி 9, ஞாயிற்றுக்கிழமை. கபோன் பல்லாயிரம் தொழிலாளர்களைக் கூட்டிக்கொண்டு ஜாரிடம் மனுக் கொடுக்க ஊர்வலமாகப் போனார். எட்டு மணி நேர வேலை, நல்ல கூலி, மக்கள் தேர்ந்தெடுக்கும் ஒரு சபை. இப்படிப் போனது கோரிக்கை. கையில் சாமி படமும் ஜாரின் படமும் இருந்தன. 'எங்கள் அப்பன் அரண்மனையில் இருக்கிறான், நம் கஷ்டம் அவனுக்குத் தெரியாது, அதிகாரிகள் மறைக்கிறார்கள்' என்பதுதான் அந்த ஜனங்களின் நம்பிக்கை.

ஜார் அன்று குளிர்கால அரண்மனையில் இல்லை. கொஞ்ச தூரத்தில் ஜார்ஸ்கோயே செலோ அரண்மனையில் இருந்தார். படை சுட்டது. அரசு ஒப்புக்கொண்டதே 130 சாவு. உண்மையில் இன்னும் பல மடங்கு என்று சொன்னவர்கள் உண்டு. நல்ல ராஜா, கெட்ட மந்திரி என்று காலங்காலமாக ஊரில் சொல்லிவந்த கதை அந்தப் பனியில் செத்தது. கபோன் வெளிநாட்டுக்கு ஓடினார், திரும்பி வந்தார், மறுபடியும் போலீஸோடு பேச்சு வைத்துக்கொண்டார். 1906இல் தலைநகருக்கு வெளியே ஒரு கோடைகால வீட்டில் புரட்சிக்காரர்களே அவரைத் தூக்கில் மாட்டிவிட்டார்கள்.

இரண்டாமவர் யெவ்னோ அசேஃப். இவர் கதையைப் படித்தால் நாவலில்கூட இப்படி எழுத மாட்டார்கள் என்று தோன்றும். ஏழைத் தையல்காரரின் மகன். 1893இல் ஜெர்மனியில் மாணவராக இருந்தபோது, தன்னோடு படிக்கும் ரஷ்யர்களைப் பற்றித் தகவல் தருகிறேன் என்று ரஷ்ய ரகசியப் போலீஸுக்குத் தானாகவே எழுதிப்போட்டார். பிறகு மெல்ல மெல்லச் சோஷலிஸ்ட் புரட்சிக் கட்சிக்குள் உயர்ந்து, அதன் கொலைப் பிரிவுக்கே தலைவரானார். அதாவது, மந்திரிகளைக் கொல்லும் அமைப்பின் தலைவர் மந்திரியின் சம்பளப் பட்டியலில் இருக்கிறார். 1904இல் உள்துறை மந்திரி பிளேவேயைக் குண்டு வீசிக் கொன்றது அசேஃபின் பிரிவு. பிளேவே யார்? போலீஸ் முழுக்க அவர் கையில். சம்பளம் கொடுத்த முதலாளியையே தீர்த்துக்கட்டியாயிற்று. அடுத்த ஆண்டு ஜாரின் சித்தப்பா செர்கேய் மாஸ்கோ கிரெம்ளினில் கொல்லப்பட்டதும் இதே பிரிவின் வேலை. நடுநடுவே கட்சித் தோழர்கள் பலரைப் போலீஸுக்குக் காட்டியும் கொடுத்தார். 1908இல் விளாதிமிர் பூர்த்செவ் என்பவர் இதை அம்பலப்படுத்தினார். அதை உறுதிசெய்தது யார் தெரியுமா, போலீஸ் துறையின் முன்னாள் தலைவர் லபூகின். உண்மையைச் சொன்னதற்கு அவருக்குக் கிடைத்த பரிசு சைபீரிய நாடுகடத்தல். அசேஃப் தப்பிப்போய் பெர்லினில் வாழ்ந்து 1918இல் இறந்தார்.

இந்த நோய் அதோடு தீரவில்லை. நிக்கோலஸுக்கு வாய்த்த பிரதமர்களிலேயே திறமைசாலி என்று பலரும் சொல்லும் ஸ்தலீப்பின் 1911இல் கீவ் நகரத்து நாடக அரங்கில், ஜார் பார்க்கச் சுடப்பட்டார். சுட்ட பொக்ரோவ் போலீஸுக்குத் துப்புச் சொல்பவர். அவர் அரங்குக்குள் வர டிக்கெட் கொடுத்தது ரகசியப் போலீஸேதான்! அரசனைக் காப்பாற்ற என்று வளர்த்த ஒற்றர் படையில் யார் யாருடைய ஆள் என்று அரசுக்கே தெரியவில்லை.

சொல்லாமல் வைத்த நோய்

இனி ரஸ்புதின். 1869இல் சைபீரியாவில் பக்ரோவ்ஸ்கோயே கிராமத்தில் பிறந்தவர். கல்யாணம் ஆகி, பிள்ளைகளும் பிறந்த பிறகு, இருபத்தெட்டு வயதுவாக்கில், கால்நடையாகக் கோயில் கோயிலாகச் சுற்றத் தொடங்கினார். ரஷ்யாவில் அது ஒரு வழக்கம். பரதேசியாகத் திரிபவர்களுக்கு ஊர்க்காரர்கள் சோறு போடுவார்கள். அவர் முறைப்படி துறவியும் இல்லை, பாதிரியாரும் இல்லை. 'பைத்தியக்காரத் துறவி' என்ற பட்டப்பெயரில் 'துறவி' என்பதே பொய். மக்கள் 'ஸ்தாரெத்ஸ்' என்று மதிக்கும் ஞானப் பெரியவர் மாதிரி ஒரு தோற்றம், கூர்மையான பார்வை, நேராக மனதில் தைக்கிற மாதிரி பேச்சு. தலைநகரத்துச் சீமாட்டிகளுக்கு இந்த மண்வாசனை பிடித்துப்போயிற்று.

1905 அக்டோபர் 17. ஊரெல்லாம் வேலைநிறுத்தம், கலவரம். வேறு வழியில்லாமல் நிக்கோலஸ் டூமா என்ற மக்கள் சபையை அமைக்கச் சம்மதித்து ஒரு பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டார். அவருக்கு அது தோல்வி. சரியாகப் பதினைந்து நாள் கழித்து, நவம்பர் 1ஆம் தேதி நாட்குறிப்பில், தொபோல்ஸ்க் மாகாணத்திலிருந்து வந்த கிரிகோரி என்ற 'தெய்வ மனிதரை' சந்தித்ததாக எழுதுகிறார். படித்தவர்களும் தொழிலாளிகளும் கைவிட்ட நேரத்தில், 'எளிய ரஷ்ய ஜனம்' இன்னும் தன் பக்கம் இருக்கிறது என்பதற்குச் சாட்சியாக ஒரு விவசாயி வந்து முன்னால் நிற்கிறார். நோய் விஷயத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் ரஸ்புதின் நிக்கோலஸுக்குத் தேவைப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

நோய்க்கு வருவோம். 1904 ஜூலையில் நான்கு பெண்களுக்குப் பிறகு ஒரு வழியாகப் பையன் பிறந்தான், அலெக்ஸேய். 1797ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆண் வாரிசு யாராவது இருக்கும்வரை பெண்ணுக்குப் பட்டம் கிடையாது. அதனால் நாடே பீரங்கி முழக்கிக் கொண்டாடியது. சில வாரத்தில் குழந்தையின் தொப்புளில் இரத்தம் கசிந்தது, நிற்கவில்லை. ஹீமோஃபீலியா. இரத்தம் உறையத் தேவையான ஒரு பொருள் குறைவாக இருப்பதால் வரும் பரம்பரை நோய். தாய் வழியாக வரும். பெரும்பாலும் ஆண் பிள்ளைகளைத்தான் தாக்கும். அலெக்சாந்திராவின் பாட்டி இங்கிலாந்து விக்டோரியா ராணி. அந்த வழியில் வந்தது இது. அலெக்சாந்திராவின் சொந்த அண்ணனே இரண்டு வயதில், ஜன்னலிலிருந்து விழுந்து, இதே நோயால் இறந்தவன். ஆக, தான் மகனுக்குக் கொடுத்தது என்ன என்று அந்தத் தாய்க்கு நன்றாகத் தெரியும்.

1912 அக்டோபரில் போலந்தில் ஸ்பாவா என்ற வேட்டை மாளிகை. எட்டு வயது அலெக்ஸேய்க்கு, முன்பு படகில் ஏறும்போது பட்ட அடி, குதிரை வண்டியில் குலுங்கியதில் மறுபடி உள்ளுக்குள் இரத்தமாகக் கசிந்து தொடையிலும் அடிவயிற்றிலும் தேங்கிவிட்டது. பையன் வலியில் அலறினான். கடைசிச் சடங்கும் செய்துவிட்டார்கள். அலெக்சாந்திரா தன் தோழி அன்னா வீருபவா மூலம் சைபீரியாவில் இருந்த ரஸ்புதினுக்குத் தந்தி கொடுக்கச் சொன்னார். பதில் வந்தது: சின்னவன் சாக மாட்டான், டாக்டர்கள் அவனை ரொம்பத் தொந்தரவு செய்ய விட வேண்டாம். அடுத்த நாள், அதற்கடுத்த நாள் என்று இரத்தக் கசிவு அடங்கியது.

எப்படி? அற்புதம் என்பார்கள் நம்புகிறவர்கள். கசிவு தானாகவே அடங்கும் கட்டத்தில் தந்தி வந்திருக்கலாம். பதறிக்கொண்டிருந்த தாய் அமைதியானதும், டாக்டர்கள் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதை நிறுத்தியதும் உதவியிருக்கலாம். அன்று புதிதாக வந்திருந்த ஆஸ்பிரின் மாத்திரையை நிறுத்தச் சொன்னதால்தான் என்று ஒரு ஊகமும் உலவுகிறது; ஆஸ்பிரின் இரத்தம் உறைவதைக் குறைக்கும் என்பது உண்மை, ஆனால் பையனுக்கு அதைக் கொடுத்தார்கள் என்பதற்கு ஆதாரம் ஏதும் காணோம். எப்படியோ, சாவின் விளிம்பிலிருந்து மகன் திரும்பி வந்ததைக் கண்ணால் பார்த்த ஒரு தாயிடம் போய் 'இந்த ஆள் குடிகாரன், பெண் பித்தன்' என்று போலீஸ் அறிக்கையை நீட்டினால் அவர் என்ன செய்வார்? அறிக்கை எழுதியவனைத்தான் சந்தேகப்படுவார். அலெக்சாந்திரா அதையே செய்தார்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது அடுத்த விஷயம். இளவரசனின் நோய் என்ன என்பதை நாட்டுக்குச் சொல்லவே இல்லை. ஸ்பாவாவில் உடல்நிலை அறிக்கை வெளியிட்டார்கள், நோயின் பெயரை மட்டும் விட்டுவிட்டு. பட்டத்துக்கு வரப்போகிறவன் எப்போது வேண்டுமானாலும் செத்துப்போகலாம் என்று தெரிந்தால் சிம்மாசனம் ஆட்டம் காணும் என்ற பயம். அதனால் ஒரு விவசாயி ஏன் பேரரசியைப் பார்க்க வருகிறான் என்பதற்கு நியாயமான, யாரும் இரக்கப்படக்கூடிய காரணம் ஒன்று இருந்தும், அதை வெளியே சொல்ல முடியவில்லை. காரணம் தெரியாத இடத்தை ஊர் தன் கற்பனையால் நிரப்பியது. ஒரு வரி அறிவிப்பில் முடிந்திருக்க வேண்டிய வதந்தி பத்து வருடம் கொழுத்து வளர்ந்தது.

கொரோகவயா தெரு, எண் 64

தலைநகரில் ரஸ்புதினின் வீடு கொரோகவயா தெரு 64ஆம் எண் கட்டடத்தில் இருந்தது. அரண்மனை இல்லை, சாதாரண அடுக்குமாடி வீடு. காலையில் படிக்கட்டு முழுக்க வரிசை நிற்கும். மகனைப் போர்முனையிலிருந்து மாற்றித் தரக் கேட்கும் விதவை, லைசென்ஸ் வேண்டும் வியாபாரி, பதவி வேண்டும் அதிகாரி, நகை போட்ட சீமாட்டி. ரஸ்புதின் ஒரு துண்டுச் சீட்டில் மேலே சிலுவை போட்டு, எழுத்துப் பிழையோடு 'அன்பானவரே, இதைச் செய்து கொடுங்கள்' என்ற மாதிரி இரண்டு வரி கிறுக்கித் தருவார். அதை எடுத்துக்கொண்டு மந்திரி ஆபீசுக்குப் போக வேண்டியது. ஒருவர் கொடுத்த பணத்தை அடுத்து வந்த ஏழைக்கு எண்ணிப் பார்க்காமல் தூக்கிக் கொடுத்ததைப் பார்த்தவர்களும் உண்டு. அதே படிக்கட்டில் போலீஸ்காரர்கள் நின்றுகொண்டு யார் வந்தார்கள், எப்போது போனார்கள், இவர் எத்தனை மணிக்குக் குடித்துவிட்டுத் திரும்பினார் என்று குறித்துக்கொண்டிருந்தார்கள். காவலும் அவர்கள்தான், வேவும் அவர்கள்தான்.

சரி, இவருக்கு உண்மையிலேயே எவ்வளவு செல்வாக்கு? 1915 வரைக்கும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. 1914இல் போர் வேண்டாம், ரஷ்யா இரத்தத்தில் மூழ்கும் என்று ஜாருக்கு எழுதினார். அந்தச் சமயத்தில் ஒரு பெண் அவரைச் சொந்த ஊரில் வயிற்றில் குத்தியிருந்தாள். ஆஸ்பத்திரியில் கிடந்துகொண்டே எழுதியது. நிக்கோலஸ் கேட்கவில்லை. ரஸ்புதின் சொன்னதிலேயே உருப்படியான யோசனை அதுதான், அதை மட்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை!

நிலைமை மாறியது 1915 ஆகஸ்டில். படைத் தலைமையைத் தானே ஏற்றுக்கொண்டு நிக்கோலஸ் மொகிலெவுக்குப் போனார். எட்டு மந்திரிகள் சேர்ந்து வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தார்கள். இனி எந்தத் தோல்விக்கும் ஜாரே பொறுப்பு ஆவார், தலைநகரம் பேரரசி அம்மாவிடமும் 'சாமி'யிடமும் போய்விடும் என்ற பயம். போயும்விட்டது. 1915 இலையுதிர் காலத்துக்கும் 1917 தொடக்கத்துக்கும் நடுவில் நான்கு பிரதமர்கள், ஐந்து உள்துறை மந்திரிகள். ரஷ்யாவில் இதற்குக் கிண்டலாக ஒரு பெயர் வைத்தார்கள். நம் ஊர் விளையாட்டில் சொல்வதானால் 'மந்திரிகளின் பச்சைக் குதிரை'. ஒருவர் குனிய இன்னொருவர் தாண்டி, அவர் குனிய அடுத்தவர் தாண்டி. அலெக்சாந்திராவின் கடிதங்களில் 'நம் நண்பர்' இவரைப் பற்றி நல்லபடியாகச் சொல்கிறார், அவரைப் பிடிக்கவில்லை என்கிறார் என்று வந்துகொண்டே இருக்கும். நிக்கோலஸ் பல தடவை கேட்டார், சில தடவை கேட்கவில்லை. 1916இல் உள்துறை மந்திரியாக இருந்த ஹ்வஸ்தோவ், ரஸ்புதின் தயவில் பதவிக்கு வந்தவர், பிறகு அவரையே கொல்லத் திட்டம் போட்டு மாட்டிக்கொண்டார். ரஸ்புதினைப் பாதுகாக்க வேண்டிய போலீஸின் தலைவர் அவர்!

போர்முனையில் ஒரு கேலி ஓடியது. ஜாருக்கு வீரத்துக்கான ஜார்ஜ் பதக்கம் கிடைத்ததைச் சினிமாவில் காட்டினார்களாம். இருட்டில் ஒரு சிப்பாயின் குரல்: 'ஐயா யெகோரியோடு, அம்மா கிரிகோரியோடு.' யெகோரி என்பது ஜார்ஜுக்குப் பேச்சு வழக்கு. கிரிகோரி யார் என்று சொல்ல வேண்டாம். பேரரசிக்கும் ரஸ்புதினுக்கும் அப்படி ஓர் உறவு இருந்ததற்கு ஒரு ஆதாரமும் இல்லை. பேரரசி ஜெர்மனியில் பிறந்தவர் என்பதால் எதிரிக்கு உளவு சொல்கிறார் என்று எல்லாரும் நம்பினார்கள். 1917 புரட்சிக்குப் பிறகு புது அரசு விசாரணைக் கமிஷன் போட்டுத் தேடியது, துரோகத்துக்குச் சான்று ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் 1916 நவம்பர் 1இல் மில்யுகோவ் என்ற தலைவர் டூமாவில் அரசின் தவறுகளை ஒவ்வொன்றாக அடுக்கி, 'இது முட்டாள்தனமா, துரோகமா?' என்று கேட்டபோது நாடு தனக்குள் பதில் சொல்லிக்கொண்டது. கடவுள் நியமித்தவர் என்பதில் நின்ற ஆட்சி அது. குடிமக்கள் கீழ்ப்படிவது பயத்தினால் மட்டுமல்ல, மனசாட்சியாலும்தான் என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். சிரிப்பு வந்துவிட்ட பிறகு அந்த மனசாட்சியை எங்கே போய்த் தேடுவது?

கொன்றவர்கள் யார்?

ரஸ்புதினைக் கொன்றது புரட்சிக்காரர்கள் இல்லை. முடியாட்சியைக் காப்பாற்ற நினைத்தவர்கள். நாட்டின் பெரும் பணக்காரக் குடும்பத்து வாரிசு ஃபெலிக்ஸ் யூசுபோவ், ஜாரின் சித்தப்பா மகன் திமித்ரி, டூமாவின் தீவிர வலதுசாரி உறுப்பினர் புரிஷ்கேவிச், இன்னும் ஓரிருவர். 1916 டிசம்பர் 16 நள்ளிரவை ஒட்டி, மொய்கா ஆற்றங்கரையில் யூசுபோவின் மாளிகை நிலவறை. யூசுபோவ் மனைவி இரினாவைச் சந்திக்கலாம் என்று ஆசை காட்டி அழைத்து வந்தார்கள். இரினா கிரிமியாவில் இருந்தார். மாடியில் விருந்து நடக்கிறது என்று நம்ப வைக்கக் கிராமபோனில் ஓர் அமெரிக்கப் பாட்டை ஓடவிட்டார்கள்.

சயனைடு வைத்த கேக்கைத் தின்றும் சாகவில்லை, சுட்டதும் எழுந்து ஓடினார், ஆற்றில் போட்ட பிறகும் உயிர் இருந்தது என்பதெல்லாம் பெரும்பாலும் யூசுபோவும் கூட்டாளிகளும் பிறகு சொன்ன கதை. ஆயுதமில்லாத ஒருவரை விருந்துக்கு அழைத்துக் கொன்றவர்கள், அவரை ஒரு பூதமாகக் காட்டினால்தானே தாங்கள் வீரர்கள்? பிரேதப் பரிசோதனையில் மூன்று குண்டுக் காயம்; ஒன்று நெற்றியில். விஷம் உறுதியாகவில்லை. பாலத்தின் மேல் கிடந்த ஒரு ரப்பர் மேல்காலணியை வைத்துத்தான் போலீஸ் உடலை ஆற்றில் தேடிக் கண்டுபிடித்தது.

இதில் ஒரு கிளைக் கதை. 1932இல் ஹாலிவுட்டில் இதைப் படமாக எடுத்தார்கள். அதில் வரும் இளவரசி தன்னைத்தான் குறிக்கிறாள், தன்னைக் களங்கப்படுத்திவிட்டார்கள் என்று இரினா லண்டனில் வழக்குப் போட்டு 1934இல் 25,000 பவுண்டு நஷ்டஈடு பெற்றார். 'இப்படத்தில் வரும் பாத்திரங்கள் யாவும் கற்பனையே' என்று படங்களில் போடுகிறார்களே, அந்த வழக்கம் பரவியதற்கு இந்த வழக்கைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள்.

தலைநகரத்துப் பெரிய வீடுகளில் கொலைச் செய்திக்கு ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு வாழ்த்துச் சொன்னார்கள். கிராமங்களில் வேறு பேச்சு: நம்மில் ஒருத்தன் ஒரே ஒருத்தன் ஜார் வரைக்கும் போனான், அவனையும் துரைமார் கொன்றுவிட்டார்கள். கொலைகாரர்கள் மேல் வழக்கு நடக்கவில்லை. யூசுபோவைப் பண்ணை வீட்டுக்கும், திமித்ரியைப் பாரசீகப் போர்முனைக்கும் அனுப்பினார்கள். திமித்ரிக்கு அந்தத் தண்டனைதான் உயிர் கொடுத்தது. பின்னால் ரொமானோவ்கள் பலரைச் சுட்டுக் கொன்றபோது அவர் ரஷ்யாவிலேயே இல்லை.

எழுபத்தைந்து நாள்

சகுனி ஒழிந்தாயிற்று. இனி எல்லாம் சரியாகியிருக்க வேண்டும். ஆனால் என்ன நடந்தது? நிக்கோலஸ் இன்னொரு பிரதமரை மாற்றினார். புதியவர் கலீத்ஸின் வயதானவர். இந்தப் பதவிக்கு நான் லாயக்கில்லை என்று அவரே கெஞ்சினார். ரயில்கள் போருக்கு ஓடியதில் நகரங்களுக்கு மாவும் விறகும் வந்து சேரவில்லை. விலை ஏறிக்கொண்டே போனது. போர் தொடங்கியபோது வோத்கா விற்பனையைத் தடைசெய்திருந்தார்கள்; அரசு வருமானத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அதிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. பற்றாக்குறைக்கு நோட்டு அடித்தார்கள். இதில் எதற்கும் ரஸ்புதின் காரணம் இல்லை, அவர் செத்ததால் எதுவும் மாறவும் இல்லை. முன்பாவது திட்டுவதற்கு ஒரு 'சாமி' இருந்தார். இப்போது எல்லாத் திட்டும் நேராக அரசருக்கு.

1917 பிப்ரவரி 23, உலகப் பெண்கள் தினம். தலைநகர் பெத்ரோகிராதில் நெசவாலைப் பெண்கள் ரொட்டி கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். நாலாம் நாள் படை சுட்டது. ஐந்தாம் நாள், 27ஆம் தேதி, சுட்ட படையே கலகக்காரர்களோடு சேர்ந்துகொண்டது. தலைநகருக்குத் திரும்பக் கிளம்பிய ஜாரின் ரயிலைப் பாதையில் மறித்ததால் அது ப்ஸ்கோவ் ஊருக்குப் போய் நின்றது. தலைமையகத்தில் ஜாருக்கு அடுத்த நிலையில் இருந்த தளபதி அலெக்ஸேயெவ் எல்லாப் போர்முனைத் தளபதிகளிடமும் தந்தியில் கருத்துக் கேட்டார். முடி துறப்பதே நல்லது என்று பதில் வந்தது. மார்ச் 2ஆம் தேதி, ரஸ்புதின் செத்த எழுபத்தைந்தாம் நாள், ரயில் பெட்டிக்குள் நிக்கோலஸ் ஒப்புக்கொண்டார். 'சுற்றிலும் துரோகம், கோழைத்தனம், வஞ்சகம்' என்று அன்றைய நாட்குறிப்பில் இருக்கிறது.

முதலில் மகன் அலெக்ஸேய்க்குத்தான் பட்டத்தை விட்டுக்கொடுப்பதாக இருந்தார். பிறகு குடும்ப டாக்டர் ஃபியோதரவை அழைத்துத் தனியாகக் கேட்டார்: பையன் குணமாவானா? இந்த நோய்க்கு மருந்து இல்லை என்றார் டாக்டர். முடி துறந்தவர் மகனைத் தன்னோடு வைத்துக்கொள்ளவும் விட மாட்டார்கள். நிக்கோலஸ் மனதை மாற்றிக்கொண்டார். மகனுக்கும் சேர்த்துத் தானே துறந்துவிட்டு, தம்பி மிகயீலைப் பட்டத்துக்குச் சொன்னார்.

மறுநாள் மார்ச் 3, பெத்ரோகிராதில் மில்லியோன்னயா தெருவில் ஒரு வீடு. தம்பியிடம் அரசியல் தலைவர்கள் வந்து பேசினார்கள். என் உயிருக்கு உத்தரவாதம் தர முடியுமா என்று கேட்டார், முடியாது என்றார்கள். சட்டம் தெரிந்த இரண்டு பேரைக் கூப்பிட்டு, மிகயீல் இப்போது பட்டத்தை ஏற்கவில்லை என்று எழுதச் சொன்னார்கள். உட்கார்ந்து எழுத அந்த வீட்டில் வாகான இடம், வீட்டுக்காரரின் மகள் பாடம் படிக்கும் அறைதான். அங்கிருந்த பள்ளிக்கூட மேசையில் வைத்து எழுதினார்கள். மிகயீலும் அதே மேசையில் கையெழுத்துப் போட்டார்.